முதல் கடைதான் ஏமாற்றியது, இரண்டாவது இல்லை

கேள்வி: மே மாதக் கடைசியில் மகனும் மருமகளும் எங்களை பார்சிலோனாவுக்கு அழைத்துப் போனார்கள். இருவருக்கும் ஜெர்மனியில் வேலை. நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். என் கணவர் மீன், கோழி சாப்பிடுவார். முதல் நாள் மாலை ஆறரை மணிக்கு லா ராம்ப்லா வீதியில், வாசலில் படம் படமாகப் பலகை வைத்திருந்த ஒரு தபாஸ் (சின்னத் தட்டுகளில் தரும் கொறிப்பு) உணவகத்தில் உட்கார்ந்தோம். உருளைக்கிழங்கு வறுவல் வெள்ளை சாஸில் ஊறி, சொதசொதவென்று ஆறிப்போய் வந்தது. சாலட்டில் டூனா மீன். பயேயா என்ற மஞ்சள் சாதம் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது, வாயில் வைக்க முடியவில்லை. கேட்காமல் வைத்த ரொட்டிக்கும் பில் போட்டார்கள். நாலு பேருக்கு 138 யூரோ. மறுநாள் இரவு மருமகள் தேடிப்பிடித்து முன்பதிவு செய்த இன்னொரு தபாஸ் கடை. உயர ஸ்டூல், ஒரே இரைச்சல். உள்ளங்கை அளவுத் தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. முட்டை அடை உள்ளே வேகவே இல்லை. சாப்பிட்டு முடித்து முக்கால் மணி நேரம் ஆகியும் பில் வரவில்லை. ‘இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?’ என்று என் கணவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மருமகள் முகம் சுண்டிப்போயிற்று. இப்போது டிசம்பரில் செவில்லா, கிரானாடா போகலாம் என்று கூப்பிடுகிறார்கள். ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போவதா, வரவில்லை என்று சொல்லிவிடுவதா? எங்களை ஏமாற்றினார்களா, இல்லை எங்களுக்குத்தான் சாப்பிடத் தெரியவில்லையா?

— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் நாள் உங்களை ஏமாற்றினார்கள். இரண்டாம் நாள் யாரும் ஏமாற்றவில்லை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதியதால்தான் அந்த ஊர்ச் சாப்பாடே இப்படித்தான் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டது. பாவம், மருமகளும் அதே கணக்கில் மாட்டிக்கொண்டார்.

லா ராம்ப்லா, துறைமுகத்தோரம் கொலம்பஸ் சிலையிலிருந்து கதலோனியா சதுக்கம் வரை ஒன்றே கால் கிலோமீட்டர் நீளும் வீதி. பார்சிலோனாவுக்கு வருகிற வெளியூர்க்காரர் ஒருவர் பாக்கியில்லாமல் அதில் ஒரு தடவையாவது நடப்பார். அங்கே படப் பலகை வைத்துக் கடை நடத்துபவருக்கு நீங்கள் மறுபடி வரவேண்டும் என்ற கவலையே கிடையாது. நாளைக்கு வேறொரு குடும்பம் வரும். உள்ளூர்க்காரர்கள் அந்த மேசைகளில் உட்காரவே மாட்டார்கள். அதனால் ருசி குறைந்தது என்று சண்டை போட அங்கே ஆளும் இல்லை.

பயேயா பத்து நிமிடத்தில் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. பயேயா வலென்சியா பக்கத்துச் சாப்பாடு. அகலமான, ஆழமில்லாத இரும்புச் சட்டியில் அரிசியைக் குழம்புச் சாற்றிலேயே வேகவிட்டு, கிளறாமல் அப்படியே வற்ற விடுவார்கள். அரிசி வேக மட்டுமே இருபது நிமிடத்துக்குக் குறையாது. அதனால் நல்ல கடைகளில் குறைந்தது இரண்டு பேருக்கு என்று சொன்னால்தான் அடுப்பில் ஏற்றுவார்கள், அதுவும் பெரும்பாலும் மதியத்தில். பத்து நிமிடத்தில் வந்தது உறைபெட்டியிலிருந்து வந்த தொழிற்சாலைச் சரக்காகத்தான் இருக்கும். மஞ்சளாக இருந்ததை மட்டும் வைத்துக் குற்றம் சொல்லாதீர்கள். குங்குமப்பூ விலைக்குப் பயந்து அங்கே வீடுகளிலேயே கலர் பொடி போடுகிறவர்கள் நிறையப் பேர். அடுத்த தடவை சட்டியைப் பாருங்கள். சோறு விரல் கனத்துக்குள் மெல்லப் பரவி, அடியில் லேசாகப் பிடித்த பொறுக்கு இருக்கவேண்டும். அந்தப் பொறுக்கைக் கரண்டியால் சுரண்டி எடுக்க வீட்டுக்குள் போட்டியே நடக்கும். குவித்து வைத்த சோறு என்றால் அது பயேயா இல்லை.

ஆறரை மணி அடுத்த தப்பு. நமக்கு அது டிபன் நேரம், அவர்களுக்கு ராச்சாப்பாட்டை நினைத்தே பார்க்காத நேரம். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். நடுவில் சாயங்காலம் நாலிலிருந்து எட்டு, எட்டரை வரை ஒழுங்கான கடைகளில் அடுப்பே எரியாது. 1940-ல் சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ஜெர்மனி நேரத்தோடு சேர்த்தது, பிறகு யாரும் திருப்பி வைக்கவில்லை. மேமாதக் கடைசியில் பார்சிலோனாவில் சூரியன் மறையவே இரவு ஒன்பது தாண்டிவிடும். ஆறரைக்கு முழுச் சமையலும் தயார் என்று ஒரு கடை கூப்பிட்டால், அது யாருக்காகத் திறந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆனால் முதல் கடையின் மேல் நீங்கள் வைத்த எல்லாக் குற்றமும் நிற்காது. பத்தாத்தாஸ் பிராவாஸ் என்கிற அந்த உருளைக்கிழங்குக்கு மாட்ரிட்டில் மிளகாய்த்தூள் போட்ட சிவப்பு சாஸ், பார்சிலோனாவில் அதோடு பூண்டு அரைத்த வெள்ளை அலியோலியும் சேரும். வெள்ளையாக வந்தது வழக்கம்தான். சொதசொதவென்று ஆறி வந்ததுதான் குற்றம். சாலட்டில் டூனா மீனும் அப்படித்தான். அங்கே ‘என்சலாதா மிக்ஸ்தா’ என்று கேட்டாலே பெரும்பாலும் டூனாவோடுதான் வரும். ரொட்டிக்கு விலைப்பட்டியலில் விலை போட்டிருந்தால் வசூலிப்பார்கள். தட்டு மேசைக்கு வரும்போதே வேண்டாம் என்று சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வெளித் திண்ணையில் உட்கார்ந்தால் பல இடங்களில் உள்ளே விற்பதைவிட விலை கூடுதல், அதையும் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குக் காசு கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. 2022-ல் வந்த சட்டப்படி, கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும். பார்சிலோனாத் தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருக்கும், கிரானாடாவில் அந்தப் பிரச்சினை இல்லை.

இன்னொரு ஆயுதமும் உங்கள் கையில் இருந்தது, யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்பெயினில் ஒவ்வொரு உணவகமும் புகார்ப் படிவம் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். ‘ஓஹா தே ரெக்லமாசியோனேஸ்’ என்று கேட்டால் தந்தாகவேண்டும். பட்டியலில் இல்லாததற்குப் பில் போட்டால் சத்தம் போடாமல் அதைக் கேளுங்கள். படிவத்தை எடுக்கப் போகும்போதே பல கடைகளில் பில் திருந்திவிடும். ருசி சரியில்லை என்பதற்கு மட்டும் அதைக் கேட்காதீர்கள், எடுபடாது.

இப்போது மருமகள் கூட்டிப்போன கடைக்கு வருவோம். நீங்கள் எழுதிய அடையாளங்களைப் பார்த்தால் நல்ல கடை மாதிரிதான் தெரிகிறது. இரைச்சல் என்றால் உள்ளூர்க் கூட்டம். உயர ஸ்டூல் என்றால் அது நின்றுகொண்டும் சாய்ந்துகொண்டும் கொறித்துவிட்டு அடுத்த கடைக்கு நகரும் இடம். நமக்கு இலை போட்டால் எல்லாம் ஒரே சமயத்தில் வந்துவிட வேண்டும். அங்கே அடுப்பிலிருந்து எது முதலில் இறங்குகிறதோ அது முதலில் வரும், யார் கேட்டது என்ற கணக்கே இல்லை. ஆளுக்கொன்று சொன்னீர்கள் போலிருக்கிறது. அதனால்தான் ஒருவர் சாப்பிட மற்ற மூவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லாத் தட்டும் நடுவில் வைப்பதற்கு. நாலு பேர் என்றால் முதலில் மூன்றே தட்டு சொல்லவேண்டும், அவை காலியானதும் அடுத்த இரண்டு. அளவும் அப்படித்தான். தபா என்றால் இரண்டு வாய். கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் ‘மேதியா ராசியோன்’, நாலு பேர் பகிர ‘ராசியோன்’. இந்த மூன்றையும் சொல்லத் தெரிந்தால் உள்ளங்கை அளவுத் தட்டைப் பற்றிய கோபம் பாதி போய்விடும்.

முட்டை அடை வேகவில்லை என்றீர்களே, அதை வேண்டுமென்றேதான் அப்படி எடுக்கிறார்கள். தோர்த்தீயாவை வெட்டினால் நடுவிலிருந்து முட்டை தளதளவென்று வழியவேண்டும் என்பது அங்கே பலருடைய பிடிவாதம். அதில் வெங்காயம் போடலாமா கூடாதா என்று நாடே இரண்டு கட்சியாக நிற்கிறது, அந்தச் சண்டையில் நாம் தலையிட வேண்டாம். எனக்கும் வழிகிற முட்டை பிடிக்காது. ‘பியேன் குவஹாதா’ என்று சொல்லிவிடுங்கள், நன்றாக இறுகவிட்டுத் தருவார்கள். பில் வராததற்குக் காரணம் இன்னும் சாதாரணம்: நீங்கள் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்தவர் முன் பில்லை வைப்பது எழுந்து போ என்று சொல்வதற்குச் சமம் என்று நினைக்கிறவர்கள் அவர்கள். ‘லா குவேந்தா, போர் ஃபவோர்’ என்றால் வந்துவிடும். டிப்ஸ் கட்டாயமில்லை. சில்லறையை விட்டுவிட்டு வரலாம், ஒன்றும் வைக்காமலும் வரலாம்.

ஆகவே மருமகளிடம் பேசவேண்டியது நீங்கள்தான். உங்கள் வீட்டுக்காரர் பேசட்டும் என்று காத்திருந்தால் டிசம்பர் வந்துவிடும். ‘நீ பார்த்த கடை நல்ல கடைதானாம்மா, எங்களுக்குத்தான் முறை தெரியலை’ என்று போனில் ஒரு வரி போதும். மன்னிப்பு, விளக்கம் என்று நீட்டவேண்டாம். ராம்ப்லா கடையைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதையும் கிளறாதீர்கள். அது உங்கள் மகனாக இருக்கும் என்று எனக்கொரு சந்தேகம்.

டிசம்பர் பயணத்துக்குக் கட்டாயம் போங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு பார்சிலோனாவைவிட செவில்லாவும் கிரானாடாவும் இருக்கிற ஆண்டலூசியா நல்ல ஊர், தபாஸுக்குப் பேர்போன இடமும் அதுதான். செவில்லாவில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து, சீரகம், பூண்டு, மிளகாய்த்தூள், வறுத்த ரொட்டி அரைத்துப் போட்டுக் கெட்டியாக ஒரு தபா தருவார்கள். பெயர் ‘எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்’. சீரக வாசனை வந்ததுமே உங்களுக்கு உயிர் வந்துவிடும். கத்தரிக்காயை மெல்லச் சீவி, மாவில் புரட்டிப் பொரித்து, மேலே கரும்புச்சாறு காய்ச்சிய கறுப்புப் பாகை ஊற்றித் தருவது கிரானாடாவிலும் கோர்தோபாவிலும் கிடைக்கும். மொறுமொறுப்பு போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்டது காலையில் எங்கும் கிடைக்கும். பத்ரோன் மிளகாய் என்று குட்டிப் பச்சை மிளகாயை எண்ணெயில் வதக்கிக் கல்லுப்பு தூவித் தருவார்கள். பெரும்பாலும் காரமே இருக்காது, எப்போதாவது ஒன்று சுள்ளென்று பிடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டுக்காரருக்குச் செவில்லாவின் வறுத்த மீன் கடைகள். நெத்திலியையும் கணவாயையும் மாவில் பிரட்டிப் பொரித்து எடை போட்டுக் காகிதப் பொட்டலத்தில் கொடுப்பார்கள். அவர் அதற்குப் பிறகு ஒன்றும் பேசமாட்டார்.

கிரானாடாவில் ஒரு வசதி உண்டு. பாரில் ஒரு பானம் வாங்கினால் ஒரு தபா காசில்லாமல் கூடவே வரும். மது வேண்டாம் என்றால் ‘மோஸ்தோ’ கேளுங்கள், புளிக்காத திராட்சைச் சாறு. அதற்கும் தட்டு வரும். காபிக்கு வராது. என்ன தட்டு என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்வார், அதனால் பானத்தைச் சொல்லும்போதே சைவம் என்று சொல்லிவிடவேண்டும்.

சைவத்தில் ஒரு எச்சரிக்கை. ‘இறைச்சி இல்லாமல்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஹமோன் என்கிற உப்புப் பன்றித்தொடையைப் பலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, நம் வீட்டில் கொத்தமல்லி தூவுகிற மாதிரி மேலே தூவுகிறார்கள். சல்மொரேஹோ என்கிற தக்காளிக் கூழின் மேலும் அது விழும், காய்கறிப் பொரியலிலும் இருக்கும், பருப்புக் குழம்புகளில் சொரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சி இருக்கும். ‘சோய் வெஹெத்தரியானா, சின் ஹமோன், சின் அத்தூன்’ (நான் சைவம், ஹமோன் இல்லாமல், டூனா இல்லாமல்) என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். க்ரோக்கேத்தாஸ் உருண்டைகளை உள்ளே என்ன என்று கேட்காமல் வாயில் போடாதீர்கள். பொரிக்கிற எண்ணெய் தனியா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் பொரித்ததை விட்டுவிடுங்கள்.

ரைஸ் குக்கரை எடுத்துப்போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, சமையலறையோடு வாடகை வீடு எடுத்தால். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிற குண்டு அரிசி தயிர்சாதத்துக்கு அருமையாகக் குழையும். ஆனால் அதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெளிச் சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒன்பது மணி வரை பசியோடு காத்திருப்பது உங்கள் வயதில் ஒத்துக்கொள்ளாது. வார நாட்களில் பல கடைகளில் ‘மெனு தெல் தியா’ என்று மதியச் சாப்பாடு உண்டு. முதல் தட்டு, இரண்டாவது தட்டு, ரொட்டி, பானம், இனிப்பு அல்லது காபி, எல்லாம் சேர்த்து ஒரே விலை. 1960-களில் அரசே ஏற்படுத்திய வழக்கம் அது. உட்கார்ந்து சாப்பிட நாற்காலியும் உண்டு.

தேதியை மட்டும் மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் 24 இரவு அங்கே குடும்பத்தோடு வீட்டில் சாப்பிடுகிற நாள். சாயங்காலமே கடைகள் ஒவ்வொன்றாக மூடிவிடும், 25-ஆம் தேதியும் திறந்த கடை குறைவு. 6-ஆம் தேதியும் 8-ஆம் தேதியும் அரசு விடுமுறை, ஊரே வெளியே வந்துவிடும், முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது. அந்த முன்பதிவையும் மருமகளே செய்யட்டும்.