டைரக்டரிக்கு யார் பொறுப்பு? ஆர்பிஎம் பேக்கேஜிங் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ‘வானிலை’ என்று ஒரு சின்ன நிரல் எழுதி ஃபெடோரா லினக்ஸுக்காக ஆர்பிஎம் பேக்கேஜாகக் கட்டினேன். ‘டைரக்டரிக்கு ஓனர் இல்லை’ என்று ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேக்கேஜில் என்னென்ன சேர வேண்டும் என்று எழுதும் ஸ்பெக் கோப்பில் /யுஎஸ்ஆர்/ஷேர்/வானிலை/* என்று கொடுத்திருக்கிறேன். எல்லாக் கோப்பும் சரியாகத்தானே இன்ஸ்டால் ஆகிறது?

பதில்: கடைசியில் இருக்கிற நட்சத்திரம்தான் காரணம். அதைப் போட்டால் வானிலைக்கு உள்ளே இருப்பதெல்லாம் பேக்கேஜில் சேரும், வானிலை டைரக்டரி மட்டும் சேராது. கோப்பை வைக்க இடம் வேண்டுமே என்று, பேக்கேஜை நிறுவும் ஆர்பிஎம் கருவி அதை உருவாக்கிவிடும், ஆனால் தன் டேட்டாபேஸில் எந்த பேக்கேஜின் பெயரிலும் எழுதாது. நாளைக்கு பேக்கேஜை நீக்கினால் காலி டைரக்டரி அப்படியே கிடக்கும்.

பழைய ஆர்பிஎம் பதிப்புகளில் இது இன்னும் மோசம். ஓனர் இல்லாத டைரக்டரிக்கு அந்த நேரத்து யூமாஸ்க்படிதான் (புதிதாக உருவாகும் கோப்புகளில் எந்த அனுமதிகளைக் குறைப்பது என்ற அமைப்பு) அனுமதி அமையும். பாதுகாப்புக்காக ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கு 077 வைத்திருக்கும் சர்வரில் அது 700 ஆகிவிடும், அதாவது ரூட் மட்டுமே உள்ளே நுழைய முடியும். ரூட்டாக ஓட்டினால் நிரல் ஓடும், சாதாரணப் பயனர் திறந்தால் தரவுக் கோப்பைப் படிக்க முடியாது. இந்த விதியை நான் விடாப்பிடியாகச் சொல்வது இதனால்தான்.

நட்சத்திரத்தை எடுத்துவிட்டு /யுஎஸ்ஆர்/ஷேர்/வானிலை/ என்று சாய்கோட்டோடு நிறுத்துங்கள். டைரக்டரியும் அதற்குள் இருப்பதும் சேர்ந்தே வரும். இன்ஸ்டால் செய்தபின் ‘ஆர்பிஎம் -கியூஎஃப்’ கட்டளைக்கு அந்தப் பாதையைக் கொடுத்துப் பாருங்கள். எந்த பேக்கேஜுக்கும் சொந்தமில்லை என்று பதில் வந்தால் இன்னும் சரியாகவில்லை.

கேள்வி: அப்படியானால் ஸ்பெக் கோப்பில் பாதைக்கு முன்னால் %டிர் என்று எழுதுவது எதற்கு?

பதில்: டைரக்டரி மட்டும் வேண்டும், உள்ளே இருப்பதைத் தனித்தனியாக எழுதிக்கொள்கிறேன் என்னும்போது. கான்ஃபிக் கோப்புகள் உள்ள இடத்தில் இது அவசியப்படும்.

கேள்வி: பாதுகாப்புக்கு /யுஎஸ்ஆர்/பின் டைரக்டரியையும் என் பேக்கேஜில் சேர்த்துவிடட்டுமா?

பதில்: கூடவே கூடாது. அதற்கு ‘ஃபைல்சிஸ்டம்’ பேக்கேஜ் ஓனராக இருக்கிறது. நீங்களும் சேர்த்து, உங்கள் பில்டில் அனுமதி கொஞ்சம் மாறியிருந்தால் இன்ஸ்டாலே ஆகாது, ஃபைல்சிஸ்டத்தோடு மோதுகிறது என்று நின்றுவிடும். தானியங்கிக் கருவியால் கட்டிய வெளி பேக்கேஜ்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஐகான் வைக்கிறீர்களா? ஐகான்கள் போகும் ஹைகலர் டைரக்டரிகளுக்கு ஹைகலர்-ஐகான்-தீம் பேக்கேஜ் ஓனர், அதை ஸ்பெக்கில் தேவைப்படும் பேக்கேஜ்களைச் சொல்லும் ரிக்வயர்ஸ் வரியில் எழுதினால் போதும்.

கேள்வி: இரண்டு பெர்ல் மாட்யூல்கள் ஒரே டைரக்டரியில் கோப்பு வைக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று தேவையே இல்லை. யார் ஓனர்?

பதில்: இரண்டுமே. ஒரு டைரக்டரிக்குப் பல ஓனர்கள் இருக்கலாம், ஆனால் பயனர், குழு, அனுமதி மூன்றும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். டைரக்டரிக்காக மட்டும் ஒன்றின் மேல் ஒன்றைச் சார்ந்திருக்க வைத்தால், வேண்டாத பேக்கேஜைப் பயனர் தலையில் கட்டுகிறோம்.

கேள்வி: டெபியன் லினக்ஸில் இந்தத் தலைவலி இல்லையே?

பதில்: அங்கே பேக்கேஜுக்குள் இருக்கும் டைரக்டரிகள் எல்லாம் தானாகவே பதிவாகிவிடும், பலர் பகிர்ந்துகொள்ளலாம். அதனால் இந்தத் தவறு வர வழி குறைவு. ஆனால் ஒரு டைரக்டரியை சிம்லிங்காக (வேறு இடத்தைச் சுட்டும் இணைப்பாக) மாற்றும்போது இரண்டு பக்கமும் கஷ்டம்தான். டெபியனில் அதன் பேக்கேஜ் கருவியான டிபிகேஜியோடு வரும் உதவி ஸ்கிரிப்டைப் பயன்படுத்த வேண்டும். ஆர்பிஎம்மில், இன்ஸ்டால் தொடங்கும் முன்பே ஓடும் %ப்ரீட்ரான்ஸ் பகுதியில் லுவா மொழியில் எழுதி, பழைய டைரக்டரியை முன்கூட்டியே நகர்த்த வேண்டும். ஷெல்லில் எழுதாதீர்கள். புது சிஸ்டம் நிறுவும்போது அந்தக் கட்டத்தில் ஷெல்லே இருக்காது, லுவா ஆர்பிஎம்முக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: கடைசியாக ஒன்று, அண்ணா. என் நிரல் /வார்/லிப்/வானிலை டைரக்டரியில் தரவு சேமிக்கிறது. பேக்கேஜை நீக்கினாலும் அது போகவில்லை. பேக்கேஜை நீக்கிய பின் ஓடும் %போஸ்ட்அன் ஸ்கிரிப்டில் அழித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். உள்ளே பேக்கேஜுக்குத் தெரியாத கோப்பு இருந்தால் ஆர்பிஎம் டைரக்டரியை விட்டுவைக்கும். அது வேண்டுமென்றே செய்வது, அந்தத் தரவு பயனருடையது. அப்புறம், %போஸ்ட்அன் நீக்கும்போது மட்டுமல்ல, அப்கிரேடிலும் ஓடும். முதல் ஆர்க்யூமென்ட் 0 என்றால் நீக்கம், 1 என்றால் அப்கிரேட். அதைப் பார்க்காமல் அழித்தால், அடுத்த பதிப்பு வரும் அன்று எல்லோருடைய தரவும் போய்விடும். டைரக்டரியை %டிர் என்று எழுதி, சரியான பயனரையும் அனுமதியையும் அதே வரியில் %அட்டர் வழியாகக் கொடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைத் தொடாமல் விடுங்கள்.