இடக்கைக்காரப் பிள்ளை கைச் சத்திரசிகிச்சை நிபுணராகலாமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளை உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறது. மீன் வெட்டும்போது கத்தி பாய்ந்து மடக்க ஏலாமல் போன தாய்மாமனின் விரல், ஒப்பரேஷனுக்குப் பிறகு திரும்ப மடங்கியதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறது. அன்றிலிருந்து கைக்குச் சத்திரசிகிச்சை செய்யும் நிபுணராக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறது. உங்களுக்கோ இந்தப் படிப்பு எப்போதுதான் முடியும் என்ற கவலை. அதோடு பிள்ளை இடக்கை என்ற கவலையும்.

முதல் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். பரீட்சைகள் முடியும், படிப்பு முடியாது.

பரீட்சைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலோ வேறு அரச பல்கலைக்கழகத்திலோ எம்.பி.பி.எஸ். 5 வருடம். பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அரச வைத்தியசாலையில் வேலை. அப்புறம் கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை, சத்திரசிகிச்சையில் எம்.டி., சிரேஷ்ட பயிற்சிக் காலம், வெளிநாட்டுப் பயிற்சி. கைக்கு வருபவர்கள் பெரும்பாலும் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை அல்லது எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை வழியாகத்தான் வருகிறார்கள். நிபுணராகும்போது வயது முப்பதுகளின் நடுவைத் தாண்டிவிடும். ஆனால் உள்ளகப் பயிற்சியில் இருந்தே சம்பளம் உண்டு. நீங்கள் காணி விற்றுப் படிப்பிக்க வேண்டிய பாதை இல்லை இது.

நிபுணரான பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் நீங்களும் பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரலுக்குப் போகின்றன. பெருவிரல் தவிர்ந்த ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள். உள்ளங்கையின் மேல் ரேகையில் இருந்து விரலின் நடு எலும்பு வரை அந்த இரண்டும் ஒரே ஒடுங்கிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த இடத்தில் வெட்டுப்பட்டால் வில்லங்கம். தைத்த இடம் தடித்து உறையோடு ஒட்டிக்கொள்ளும், விரல் விறைத்துவிடும். அமெரிக்க நிபுணர் ஸ்ரேர்லிங் பனெல் அந்தப் பகுதிக்கு ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்றே பெயர் வைத்தார். அங்கே உடனே தைக்க வேண்டாம், தோலை மூடிவிட்டுப் பின்னொரு நாள் வேறு நாண் எடுத்து வைக்கலாம் என்பதுதான் அக்காலத்துப் பாடம். 1967 இல் லூயிவில் நகரத்து ஹரோல்ட் கிளைனர்ட், அதே பகுதியில் உடனே தைத்தும் நல்ல பலன் கண்டதாக அமெரிக்கக் கைச் சத்திரசிகிச்சைச் சங்கத்தில் சொன்னபோது பலர் நம்பவில்லை. சபையில் இருந்தவர்கள் எல்லாரும் பட்டம், பதவி எல்லாம் எடுத்து முடித்தவர்கள். படித்த பாடத்தை அவர்கள் ஒதுக்கி வைத்துவிட்டுக் கையைப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது.

கிட்டடியிலும் இப்படி ஒன்று நடந்தது. விரலில், இரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலந்த விறைப்பு ஊசி போட்டால் விரல் செத்துவிடும் என்று தலைமுறை தலைமுறையாகப் படிப்பித்தார்கள். கனடாவில் டொனால்ட் லலோண்டும் சகாக்களும் கையிலும் விரலிலும் அந்த ஊசி போட்ட 3,110 சிகிச்சைகளை வரிசையாகப் பதிந்து 2005 இல் வெளியிட்டார்கள். ஒரு விரலும் சாகவில்லை. இப்போது பல இடங்களில் நோயாளியை மயக்காமல், கைக்கு இரத்தத்தை நிறுத்தும் பட்டி கட்டாமல் நாண் தைக்கிறார்கள். தைத்து முடித்ததும், தோலை மூடுமுன், “ஐயா, விரலை மடக்குங்கோ” என்று கேட்கலாம். மடக்கும்போது தையல் விலகுகிறதா, உறையில் சிக்குகிறதா என்பது கண்முன் தெரியும். அங்கேயே திருத்தலாம். எனக்கு இது பெரிய அதிசயமாகவே படுகிறது.

சரி, ஏற்கெனவே நிபுணராக இருப்பவர் ஒரு புது முறையை எப்படிக் கையில் ஏற்றுகிறார்? கட்டுரையும் வீடியோவும் தொடக்கம் மட்டும்தான். அப்புறம் கோழிக்கால். இறைச்சிக் கடையில் கழித்துவிடும் காலின் நீள விரலில், மனித விரலில் இருப்பது போலவே நாண் உறைக்குள் ஓடுகிறது. கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதை வெட்டித் தைத்துப் பழகுகிறார்கள். நாணின் வெளிப்புறத்தை இடுக்கியால் நசுக்கக்கூடாது, நசுக்கிய இடம் ஒட்டிக்கொள்ளும். வெட்டுமுகத்தை மட்டும் மெல்லப் பிடித்து, முனையில் இருந்து ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் தள்ளி ஊசி ஏற்ற வேண்டும். குறுக்கே நான்கு அல்லது ஆறு இழை கடக்க வேண்டும். பிறகு மயிர் அளவு நூலால் சுற்றிவரத் தையல். தைத்ததை இழுத்துப் பார்த்தால் இடைவெளி விழும், பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். இதில் கை படிந்த பிறகு உடல் தானம் செய்தவர்களின் கைகளில் பயிற்சி, பிறகு தெரிந்த ஒருவருக்கு உதவியாளராக நிற்பது, பிறகு அவர் எதிரே நிற்கத் தான் செய்வது, கடைசியில் தனியே.

அப்போதும் தையல் சரியா என்று தியேட்டரில் முழுதாகத் தெரியாது. நாண் பாரம் தாங்க ஏறக்குறைய 12 கிழமை எடுக்கும். அதற்குள் அதிகம் அசைத்தால் அறும், அசைக்காமல் விட்டால் ஒட்டும். இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) கிளினிக்கில் விரல் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து சொல்வதைக் கேட்டுத் தன் முறையைத் திருத்தும் நிபுணர்தான் முன்னேறுகிறார். பிள்ளையிடம் நீங்கள் பார்க்க வேண்டிய குணமும் இதுதான்: செய்தது பிழை என்று ஒருவர் சொன்னால் முகம் சுருங்காமல் பிரித்துத் திரும்பச் செய்யுமா? ரியூசன் புள்ளிகள் இதைக் காட்டாது.

புது முறைகள் எல்லாம் வெள்ளைக்காரர் நாட்டில்தான் பிறக்கும் என்றும் எண்ண வேண்டாம். தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு நாண்களை இடம் மாற்றி உயிர் கொடுக்கும் வேலையை வைத்தியர் போல் பிராண்ட் 1940களின் இறுதியில் வேலூரில் தொடங்கினார். இன்று சென்னை ஸ்டான்லியும் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையும் கைச் சத்திரசிகிச்சையில் பேர்பெற்ற இடங்கள், நமக்குக் கடல் தாண்டினால் பக்கம்.

இடக்கைக்கு வருவோம். அது தடை இல்லை. கத்தரிக்கோலும் ஊசிபிடியும் வலக்கைக்காரரை நினைத்துச் செய்யப்பட்டவை, ஆகவே தொடக்கத்தில் கொஞ்சம் மினக்கெட வேண்டும். இடக்கைக்கென்றே செய்த கருவிகளும் இருக்கின்றன. விரலின் ஒடுங்கிய உறைக்குள் தைக்கும்போது எந்தப் பக்கம் இடம் கிடைக்கிறதோ அந்தப் பக்கத்தால் ஊசி ஏற்ற வேண்டும் என்பதால், வலக்கைக்காரரும் இரண்டு கையையும் பழக்கித்தான் ஆக வேண்டும். சின்ன வயதில் கையை மாற்றச் சொல்லி யாரும் அடித்திருந்தால், அந்தப் பயத்தை மட்டும் இப்போது எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. யாழ் மாவட்டத்தில் மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அது கிடைக்காவிட்டால் இந்த ஆசையே முடிந்தது என்று பிள்ளை நினைக்கக்கூடாது. மாமாவின் விரலை மடங்க வைத்ததில் பாதி வேலை, கிழமைக்குக் கிழமை பயிற்சி கொடுத்தவருடையது. இயன்மருத்துவம் பேராதனையிலும் கொழும்பிலும் பட்டப்படிப்பாக இருக்கிறது. விண்ணப்பத்தில் மருத்துவத்துக்குக் கீழே அதையும் எழுதுங்கள். விருப்ப வரிசையை நிரப்புமுன் தாயும் மகளுமாக ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்.