எந்த ஓவிய மென்பொருள்? – கடிதம்

வணக்கம்.

இத்தனை வருடமும் தாளில் நீர்வண்ணத்திலும் மைப்பேனாவிலும் மட்டுமே வரைந்து பழகியவன் நான். இப்போது குழந்தைகளுக்கான ஒரு படப் புத்தகத்துக்கு வரைய ஒப்புக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் கணினியில் வரைந்து கோப்பாகவே தரச்சொல்கிறார்கள். என்னிடம் 8 ஜி.பி. நினைவகம் உள்ள விண்டோஸ் லேப்டாப்பும், திரை இல்லாத பேனா டேப்லெட்டும் இருக்கின்றன. நண்பர்கள் ஐபேட் வாங்கி ப்ரோகிரியேட்டில் வரையச் சொல்கிறார்கள். வேறு சிலர் கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் என்கிறார்கள், இன்னும் சிலர் ஃபோட்டோஷாப் இல்லாமல் முடியாது என்கிறார்கள். கிரிட்டாவை இறக்கிப் பார்த்தேன். மெதுவாக இழுத்தால் கோடு நடுங்குகிறது, பேனாவை அழுத்தினாலும் தடிமன் மாறுவதில்லை. சோதனைக்கு அச்சிட்ட படத்தில் நீலம் செத்துப்போயிருந்தது. எதைத் தேர்ந்தெடுப்பது? இன்று ஒன்றைப் பழகி நாளை வேறொன்றுக்கு மாறினால் பழகியதெல்லாம் வீணா?

சு.

அன்புள்ள சு.,

உங்களிடம் இருக்கும் லேப்டாப்பிலேயே, கிரிட்டாவிலேயே இந்தப் புத்தகத்தை முடிக்கலாம். ஐபேட் வாங்க வேண்டாம். கோட்டு நடுக்கம், வேலை செய்யாத அழுத்தம், அச்சில் மங்கும் நீலம் ஆகிய மூன்றும் இந்த டேப்லெட்டோடு நீங்கள் எந்த மென்பொருளுக்குப் போனாலும் பின்னாலேயே வரக்கூடும். அவற்றின் காரணங்கள் கையின் பழக்கத்திலும், டேப்லெட்டின் டிரைவரிலும் (டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்), வண்ண அமைப்பிலும் இருக்கின்றன. அதைப் பார்க்காமல் மென்பொருளை மட்டும் மாற்றிக்கொண்டே போய் மாதக்கணக்கில் நேரத்தை இழப்பவர்கள் நிறைய. நீங்கள் அந்த வரிசையில் சேரக்கூடாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கருவி. ப்ரோகிரியேட் அருமையான மென்பொருள்தான். சந்தா கிடையாது, ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் விண்டோஸில் ஓடாது. அதோடு, கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக அது அனுமதிக்கும் லேயர்களின் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்குகள்) எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும், ஐபேடின் நினைவகத்தைப் பொறுத்து. இரண்டு பக்கங்களுக்குக் குறுக்கே விரியும் படத்தை அச்சு அளவில் திறக்கும்போது இது கையைக் கட்டும். ஓவியத்தை மூடிவிட்டால், செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூ வரலாறும் அழிந்துவிடும். பயணத்தில் வரைபவர்களுக்கும், திரைமேல் நேரடியாகக் கைவைத்து வரைய வேண்டும் என்பவர்களுக்கும் அது பொருத்தம். உங்கள் வேலைக்கு அதனால் மட்டுமே ஆகக்கூடியது என்று ஒன்றும் இல்லை.

கிரிட்டா விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டற்ற மென்பொருள் என்பதால் சந்தா தீர்ந்து உங்கள் கோப்புகளையே நீங்கள் திறக்க முடியாமல் போகும் நிலை வராது. புத்தகம் போன்ற நீண்ட வேலைக்கு இது சிறிய விஷயமில்லை.

கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் எப்போது தேவை? கட்டம் பிரித்து, பேச்சுக்குமிழி வைத்து, பக்கம் பக்கமாகக் காமிக்ஸ் வரையும்போது. அதன் வெக்டர் லேயரில் (கோடுகளைப் புள்ளிகளாக அல்லாமல் வடிவங்களாக வைத்திருக்கும் லேயர்) வரைந்த கோட்டை அழிப்பான் தொட்டால், அடுத்த கோட்டோடு அது வெட்டிக்கொள்ளும் இடம்வரை மட்டும் அழிக்கும்படி வைக்கலாம். முடி, விரல், மடிப்பு என்று கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் படங்களில் இது மணிக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும். கோட்டில் சிறு இடைவெளி இருந்தாலும் வண்ணம் வெளியே கொட்டாமல் நிரப்பும். வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள். பல பக்கங்களை ஒரே புத்தகமாக நிர்வகிக்கும் வசதி இ.எக்ஸ். பதிப்பில்தான், ப்ரோ பதிப்பில் இல்லை. கணினிக்கு ஒருமுறை வாங்கும் வழி இருக்கிறது, ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் சந்தாதான். உங்கள் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு பெரிய படம் என்றால் இதில் எதுவும் அவசரமில்லை.

ஃபோட்டோஷாப், பதிப்பகத்தில் யாராவது உங்கள் லேயர்களைத் திறந்து திருத்தப்போகிறார்கள் என்றால் மட்டும் யோசிக்க வேண்டியது. அப்போதும் கிரிட்டாவிலிருந்து ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்பாகச் சேமித்து அனுப்பிப் பாருங்கள். சாதாரண லேயர்களும் குழுக்களும் பெரும்பாலும் சரியாகவே போய்ச் சேரும். எழுத்து, வெக்டர் வடிவம், ஃபில்டர் லேயர் ஆகியவைதான் வழியில் உருமாறும். வேலை தொடங்கும் முன்பே ஒரு மாதிரிக் கோப்பை அனுப்பி அவர்கள் திரையில் எப்படித் தெரிகிறது என்று கேட்டுவிடுங்கள்.

இனி நினைவகம். 8 ஜி.பி. போதுமா என்பதை நீங்களே கணக்கிடலாம். ஏ4 பக்கங்கள் இரண்டு சேர்ந்தால் ஏ3. 300 டி.பி.ஐ.யில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 4961 × 3508 பிக்சல், அதாவது சுமார் 1 கோடியே 74 லட்சம் பிக்சல்கள். 8 பிட் வண்ணத்தில் சிவப்பு, பச்சை, நீலம், ஊடுருவும் தன்மை நான்குக்கும் ஒவ்வொரு பைட்டாக ஒரு பிக்சலுக்கு 4 பைட். எனவே முழுவதும் வண்ணம் நிரம்பிய ஒரு லேயர் சுமார் 70 எம்.பி. பிடிக்கும். 16 பிட் என்றால் 140. இப்படிப்பட்ட 25 லேயர்கள் 8 பிட்டில் 1.75 ஜி.பி.யைத் தொடும். இதற்குமேல் அன்டூவுக்கான இடம், விண்டோஸ், பின்னால் திறந்துகிடக்கும் பிரவுசர். காலியான பகுதிகளுக்கு கிரிட்டா இடம் ஒதுக்குவதில்லை என்பதால் உண்மையான அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே 8 பிட்டில் வரையுங்கள், பிரவுசரை மூடுங்கள், முடிந்த பகுதிகளின் லேயர்களைச் சேர்த்துவிடுங்கள். 8 ஜி.பி. தாங்கும். வானம் போன்ற நீண்ட, மெல்லிய நிறமாற்றங்களில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அந்த ஒரு படத்துக்கு மட்டும் 16 பிட்டுக்குப் போங்கள்.

கேன்வாஸ் அளவை முதல் நாளே சரியாக வையுங்கள். பக்கம் வெட்டப்படும் ஓரத்துக்கு வெளியே ஒவ்வொரு புறமும் 3 மி.மீ. கூடுதலாக வரைந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள், 300 டி.பி.ஐ.யில் அது 35 பிக்சல். சிறிதாக வரைந்து பிறகு பெரிதாக்கினால் கோடுகள் கொழகொழத்துவிடும், மீட்க வழியில்லை.

இப்போது பேனா. அழுத்தம் வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் இது: விண்டோஸில் பேனாவின் செய்தி மென்பொருளுக்குப் போக இரண்டு பாதைகள் உண்டு, வின்டேப், விண்டோஸ் இங்க். டேப்லெட்டின் டிரைவர் ஒன்றிலும் கிரிட்டா இன்னொன்றிலும் இருந்தால், பேனா நகரும், ஆனால் அழுத்தம் வந்துசேராது. கிரிட்டாவில் செட்டிங்ஸ், கான்ஃபிகர் கிரிட்டா, டேப்லெட் செட்டிங்ஸ் என்று போய் மற்றொரு பாதையைத் தேர்ந்தெடுத்து, கிரிட்டாவை மூடித் திறங்கள். டிரைவரிலும் விண்டோஸ் இங்க் என்ற பெட்டி இருக்கும், அது கிரிட்டாவோடு ஒத்துப்போக வேண்டும். அதே பக்கத்தில் டேப்லெட் டெஸ்டர் இருக்கிறது. அதில் கோடு இழுத்தால் அழுத்தம் எண்ணாக ஓடும், வருகிறதா இல்லையா என்ற சந்தேகமே வேண்டாம். முன்பு வேறு நிறுவனத்தின் டேப்லெட் வைத்திருந்தீர்களானால் அதன் டிரைவரை முழுவதும் நீக்குங்கள். இரண்டு டிரைவர்கள் ஒரே கணினியில் மோதிக்கொள்வது மிகச் சாதாரணம்.

பேனாவை வைத்தவுடன் ஒரு வட்டம் தோன்றி, கோடு தாமதமாகத் தொடங்குகிறதா? கன்ட்ரோல் பேனலில் பென் அண்ட் டச் பகுதிக்குப் போய், அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் என்பதை அணைத்துவிடுங்கள்.

நடுக்கத்துக்கு வருவோம். தாளில் மேற்பரப்பின் சொரசொரப்பு கையைப் பிடித்து நிறுத்தும், வழவழப்பான டேப்லெட்டில் அது இல்லை. கண் திரையிலும் கை மேசையிலும் இருப்பது இன்னொரு காரணம், இது பழகப் பழகச் சரியாகும். மணிக்கட்டால் மெதுவாக இழுக்காமல் முழங்கையிலிருந்து வேகமாக இழுத்துப் பழகுங்கள். படத்தை மிகச் சிறிதாக்கி வைத்து வரைந்தாலும் நடுக்கம் கூடும், ஏனென்றால் கையின் மில்லிமீட்டர் அசைவு ஒவ்வொன்றும் அங்கே பல பிக்சல்களாகப் பதிகிறது. மற்றதை கிரிட்டாவின் கோட்டைச் சீராக்கும் வசதி பார்த்துக்கொள்ளும். பிரஷ் கருவி கையில் இருக்கும்போது டூல் ஆப்ஷன்ஸில் பிரஷ் ஸ்மூதிங் என்பதை பேசிக்கிலிருந்து வெயிட்டட் என்று மாற்றுங்கள். மைக்கோட்டுக்கு இது போதும். பென்சில் ஓவியத்துக்கும் குறுக்குக் கோட்டு நிழலுக்கும் மீண்டும் பேசிக்குக்கு வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோடு கைக்குப் பின்னால் இழுபட்டு வரும், கூர்மையான திருப்பங்கள் மழுங்கிவிடும்.

வட்டம் வரைந்தால் முட்டையாக வருகிறதா என்றும் பாருங்கள். டேப்லெட்டின் நீள அகல விகிதம் 16:10, திரையுடையது 16:9 என்றால் அப்படித்தான் வரும். டிரைவரில் வரையும் பரப்பைத் திரையின் விகிதத்துக்குச் சுருக்குங்கள். இதைச் செய்யாமல் பல நாள் பழகினால் கை தவறான விகிதத்தையே மனப்பாடம் செய்துகொள்ளும்.

நீர்வண்ணக்காரரான உங்களுக்கு ஒரு ஏமாற்றத்தை முன்பே சொல்லிவிட வேண்டும். நீலத்தையும் மஞ்சளையும் திரையில் குழைத்தால் பச்சை வராது, சாம்பல் வரும். திரையின் நிறம் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை எவ்வளவு என்பதால் அமைகிறது. முழு நீலம் 0, 0, 255. முழு மஞ்சள் 255, 255, 0. மென்பொருள் இரண்டின் சராசரியை எடுக்கிறது: 128, 128, 128. அது நடுச் சாம்பல். தாளில் நடப்பது வேறு, அங்கே நிறமிகள் ஒளியை உறிஞ்சுகின்றன. கிரிட்டாவின் நீர்வண்ண பிரஷ்கள் விளிம்பையும் தாளின் தன்மையையும் நன்றாகக் காட்டும், ஆனால் தண்ணீர் ஓடாது. ஓடி, பரவி, காய வேண்டும் என்றால் ரெபெல் என்ற மென்பொருளைப் பாருங்கள். அதன் ப்ரோ பதிப்பில் நிறமிக் கலவை இருக்கிறது, நீலமும் மஞ்சளும் பச்சையாகும். கணினிக்கு அது கனமான வேலை, உங்கள் லேப்டாப் ஏ3 அளவில் திணறக்கூடும். பின்னணிக் கறைகளைத் தாளிலேயே வரைந்து, ஸ்கேன் செய்து, கிரிட்டாவில், வெள்ளை மறைந்து கறை மட்டும் படியும் மல்டிப்ளை லேயராக வைப்பது இதைவிட நல்ல வழி என்பேன். இத்தனை வருடம் பழகிய கையை ஏன் விட வேண்டும்?

பிரஷ் தொகுப்புகளை ஆயிரக்கணக்கில் இறக்காதீர்கள். ஒரு பென்சில், ஒரு மைப்பேனா, ஒரு தட்டைத் தூரிகை, ஒரு குழைப்பான், சொரசொரப்புக்கு ஒன்று. புத்தகம் முழுக்க ஒரே கை தெரிய வேண்டுமென்றால் இந்த ஐந்தைத் தாண்டாதீர்கள். ஃபோட்டோஷாப் பிரஷ் கோப்பை கிரிட்டாவில் ஏற்றினால் நுனியின் வடிவம் மட்டுமே வரும், அழுத்த அமைப்புகள் வராது.

மற்ற மென்பொருள்களுக்கான பாடங்களைப் பார்த்து கிரிட்டாவில் செய்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். உருவத்துக்குள் மட்டும் நிழல் விழ, மேலே ஒரு லேயர் போட்டு கீழே உள்ளதோடு கிளிப் செய்வது அங்கெல்லாம் வழக்கம். கிரிட்டாவில் அதற்கு இன்ஹெரிட் ஆல்ஃபா என்ற வசதி (ஆல்ஃபா என்பது லேயரில் எங்கே வண்ணம் இருக்கிறது, எங்கே ஊடுருவித் தெரிகிறது என்ற தகவல்). ஆனால் அது கீழே இருக்கும் ஒரு லேயரை மட்டும் பார்க்காது, கீழே உள்ள எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். அடியில் வெள்ளைப் பின்னணி இருந்தால் எதுவும் வெட்டப்படாது, நிழல் எங்கும் வழியும். உருவ லேயரையும் நிழல் லேயரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + ஜி அழுத்திக் குழுவாக்குங்கள், பிறகு நிழல் லேயரில் ஆல்ஃபா குறியை அழுத்துங்கள். குழுவுக்குள் அதன் பார்வை அடங்கிவிடும்.

செத்துப்போன நீலம்: திரையின் பளிச்சென்ற நீலத்தையும் பச்சையையும் நான்கு மைகளால் உண்டாக்க முடியாது. அச்சகத்தில் எந்த வண்ண ப்ரொஃபைல் (அவர்கள் அச்சில் எந்த நிறம் எப்படி வரும் என்ற விவரம்) என்று கேட்டு அந்த ஐ.சி.சி. கோப்பை வாங்குங்கள். கிரிட்டாவில் இமேஜ், ப்ராபர்ட்டீஸ், சாஃப்ட்ப்ரூஃபிங் பகுதியில் அதைத் தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோல் + ஒய் அழுத்தினால் அச்சில் வரப்போகும் நிறம் திரையில் தெரியும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஒய், அச்சில் வராத நிறங்களை அடையாளம் காட்டும். முதல் படத்தின் வண்ணங்களை இப்படிச் சரிபார்த்து, அதையே புத்தகத்தின் வண்ணத் தட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஜி.பி.யிலேயே (திரையின் சிவப்பு-பச்சை-நீல முறை) வரையுங்கள். கடைசியில் ஒரு நகலை மட்டும் சி.எம்.ஒய்.கே.யாக (அச்சின் நான்கு மைகளுக்கான முறை) மாற்றுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள், மாற்றத்தில் இழந்த நிறம் திரும்பாது. திரையின் வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள். அச்சு இருட்டாக வந்தது என்று சொல்பவர்களில் பாதிப்பேர் திரையை உச்ச வெளிச்சத்தில் வைத்திருப்பவர்கள்.

கறுப்புக் கோடுகளைக் கடைசிவரை தனி லேயரில் வைத்திருங்கள். ஆர்.ஜி.பி. கறுப்பு மாற்றப்படும்போது நான்கு மைகளின் கலவையாகிவிடும். தாள் இம்மியளவு நகர்ந்தாலும் மெல்லிய கோட்டின் ஓரத்தில் வண்ண நிழல் விழும். மாற்றிய நகலில் கோட்டு லேயரின் ஆல்ஃபாவைப் பூட்டி, ஸ்பெசிஃபிக் கலர் செலக்டரில் கறுப்பு மட்டும் 100, மற்ற மூன்றும் 0 என்று வைத்து அதன்மேல் நிரப்புங்கள்.

மாறினால் வீணாகுமா என்று கேட்டிருந்தீர்கள். லேயர், மாஸ்க், பிளெண்டிங் முறை, தேர்வு எல்லாம் எங்கும் ஒன்றுதான். வீணாவது குறுக்குவிசைகளும் பிரஷ் அமைப்புகளும் மட்டும், அவை ஓரிரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். கோப்புகள்தான் முக்கியம். ஒவ்வொரு படத்துக்கும் கிரிட்டாவின் கே.ஆர்.ஏ. மூலக் கோப்பு ஒன்று, பி.எஸ்.டி. ஒன்று, லேயர்களைச் சேர்த்த டிஃப் ஒன்று என மூன்றும் வெளி வட்டிலும் இருக்கட்டும். வரையும்போது அவ்வப்போது கன்ட்ரோல் + ஆல்ட் + எஸ் அழுத்துங்கள், பழையதை அழிக்காமல் அடுத்த எண்ணில் புதிய கோப்பாகச் சேமிக்கும்.

எல்லாப் படங்களையும் ஒரே நேரத்தில் தொடங்காமல், முதலில் ஒன்றை மட்டும் பென்சிலிலிருந்து அச்சுக் கோப்புவரை முழுமையாக முடித்து, அச்சகத்தில் மாதிரி எடுத்துப் பாருங்கள். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகும் கிரிட்டாவில் ஏதாவது உங்களைத் தடுத்தால் எழுதுங்கள், எந்த இடத்தில் தடுத்தது என்று சரியாகக் குறிப்பிட்டு.