சென்னை–லண்டன் எத்தனை மணி நேரம்? வாசகர் கேள்விகள்

கேள்வி: சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்?

பதில்: சுமார் 8,200 கி.மீ.

கேள்வி: விமானம் மணிக்கு 900 கி.மீ. பறக்கிறதே, தூரத்தை 900-ஆல் வகுத்தால் ஒன்பது மணி நேரம்தானே? பதினொன்று என்கிறார்களே?

பதில்: கிலோமீட்டரை வகுத்து நேரம் போடாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது! 900 என்பது உயரத்தில், சீராகப் பறக்கும்போது. ஓடுபாதைவரை ஊர்வது, ஏறுவது, இறங்குவது, லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு மேலே வட்டமடிப்பது எல்லாமே பயண நேரத்தில் சேரும். மேற்கே போகும்போது எதிர்க்காற்று வேறு. நேர்வழி காஸ்பியன் கடலைத் தாண்டி உக்ரைன் மேலே போகிறது. அந்த வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து மூடிக் கிடக்கிறது. தெற்கே ஒதுங்கித்தான் போயாக வேண்டும்.

கேள்வி: டிசம்பர் டிக்கெட்டில் காலை 5.30-க்குக் கிளம்பி 11.30-க்கு லண்டன். திரும்பும்போது பகல் 1 மணிக்குக் கிளம்பி மறுநாள் விடிகாலை 4.30-க்குச் சென்னை. போக ஆறு மணி, வரப் பதினைந்தரை மணியா?

பதில்: டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இதை மாதாமாதம் எழுதுகிறேன், மாதாமாதம் இதே கடிதம் வருகிறது. குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். போகும்போது அதைக் கூட்டுங்கள்: பதினொன்றரை. வரும்போது கழியுங்கள்: பத்து. அந்த ஒன்றரை மணி வித்தியாசம் பெரும்பாலும் காற்றால் வருவது. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அப்புறம் அக்டோபர் கடைசி ஞாயிறுவரை இடைவெளி நாலரைதான்.

இது வெறும் கணக்குப் பிழை இல்லை. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவரை "ஆறு மணி நேரம்தான்" என்று சொல்லித் தனியாக ஏற்றிவிடுகிறார்கள். ஊசி, மாத்திரை, சாப்பாட்டுக்கு உண்மையான பறக்கும் நேரத்தை டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள். டிக்கெட்டில் +1 என்றிருந்தால் மறுநாள் என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் வண்டியை முந்தின நாளே அனுப்புகிறவர்களும் உண்டு.

கேள்வி: டெல்லியில் மாற தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். நடுவில் ஒன்றரை மணி நேரம் போதுமா?

பதில்: போதாது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், குடியகல்வு வரிசை வேறு. ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

கேள்வி: தூரம் கூடினால் நேரமும் கூடத்தானே வேண்டும்?

பதில்: வேண்டியதில்லை. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை 2016-இல் ஏர் இந்தியா அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் திருப்பியது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடியது, பின்னாலிருந்து காற்று தள்ளியதால் நேரம் ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது. மறுபடியும் சொல்கிறேன்: வகுக்காதீர்கள்.