சாக்ரடீஸ் ஓவியத்தை அச்சிட்டு விற்றேன், வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: திருச்சியில் ஃபிரேம் கடை வைத்திருக்கிறேன். பழைய ஐரோப்பிய ஓவியங்களைக் கேன்வாஸில் அச்சிட்டு ஆன்லைனிலும் விற்கிறேன். ழாக்-லூயி டேவிட் வரைந்த ‘சாக்ரடீஸின் மரணம்’ நன்றாகப் போகிறது. இப்போது இணையத்தில் படங்கள் விற்கும் ஒரு நிறுவனம், ‘எங்கள் டிஜிட்டல் இமேஜைத் திருடிவிட்டீர்கள், ஏழு நாளில் 1,80,000 ரூபாய் கட்டாவிட்டால் கிரிமினல் வழக்கு’ என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. புகார் கொடுத்து என் விற்பனைப் பக்கத்தையும் முடக்கிவிட்டார்கள். படத்தை எந்தத் தளத்திலிருந்து இறக்கினேன் என்று நினைவில்லை. என்ன செய்வது ஐயா?

பதில்: பணத்தை அனுப்பாதீர்கள். அதற்காக நோட்டீஸைத் தூக்கி ஓரமாகவும் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய நோட்டீஸையும் முடக்கப்பட்ட பக்கத்தின் நகலையும் படித்தேன். பெரும்பகுதி மிரட்டல்தான். ஓர் இடத்தில் மட்டும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஓவியம். டேவிட் இதை 1787-இல் வரைந்தார், 1825-இல் இறந்தார். நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 22-இன்படி, ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள்தான் உரிமை. அந்தக் கணக்கை இவருக்குப் போட்டுப் பார்த்தால் 1885-உடன் முடிந்துவிடுகிறது. அசல் ஓவியம் 1931 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியத்தைக் கையில் வைத்திருப்பதாலேயே பதிப்புரிமை வந்துவிடாது. அந்த அருங்காட்சியகமும் உரிமை கொண்டாடவில்லை. உரிமைக்காலம் முடிந்த ஓவியங்களின் படங்களை, விற்பனைக்கும் சேர்த்தே யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று 2017 பிப்ரவரியில் திறந்துவிட்டது. சாக்ரடீஸும் அதில் உண்டு.

நோட்டீஸ் எழுதிய வக்கீலுக்கு இது தெரியாமல் இருக்காது. அதனால்தான் ‘ஓவியம்’ என்று ஓரிடத்திலும் சொல்லாமல் ‘டிஜிட்டல் இமேஜ்’ என்றே எழுதியிருக்கிறார். ஓவியத்தைப் புகைப்படம் எடுத்தவருக்கு அந்தப் புகைப்படத்தில் தனி உரிமை உண்டு என்பதுதான் உள்ளே இருக்கும் வாதம். சுவரில் தொங்கும் ஓவியத்தைக் கோணம், நிறம் எதுவும் மாறாமல் அப்படியே பதிவு செய்வதில் உழைப்பு இருக்கலாம், ஆனால் உழைப்பு மட்டும் போதாது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பில், படைப்பு என்றால் திறமையும் தேர்வும் கொஞ்சமாவது படைப்பூக்கமும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் பிரிட்ஜ்மேன் - கோரல் வழக்கில் 1999-இல், இதே மாதிரி அச்சு அசலான புகைப்படங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்ட வலுவான தீர்ப்பு.

சரி, அந்த ஓர் இடம். உங்கள் பக்கத்தின் மூன்றாவது படத்தில் பிரிண்ட் ஒரு வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது: சோபா, விளக்கு, ஜன்னல் வெளிச்சம். அது நீங்கள் எடுத்ததா? அந்த நிறுவனத்துடையது என்றால், அந்த அறையை அமைத்து எடுத்தவருக்கு அதில் பதிப்புரிமை நிச்சயம் உண்டு. தெரிந்தே மீறினால் பிரிவு 63-இன்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை விதிக்க இடமிருக்கிறது, அதனால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றே அந்தப் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டு, உங்கள் கடைச் சுவரிலேயே மாட்டி ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

இன்னொன்று, அந்த நிறுவனத்தின் தளத்தில் கணக்கு தொடங்கி, நிபந்தனைகளை ஏற்று, அங்கிருந்து கோப்பை இறக்கினீர்களா? பழைய மின்னஞ்சல்களில் ரசீது தேடுங்கள். இருந்தால் பதிப்புரிமை இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தை மீறியதாக வழக்குப் போட முடியும். அப்போதும் அவர்கள் எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74 நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது.

பதிலை ஏழு நாளுக்குள் உங்கள் வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தக் கெடுவுக்குச் சட்ட பலம் இல்லை, ஆனால் மௌனம் பின்னால் உங்களுக்கு எதிராகப் பேசப்படும். புகைப்படத்தை எடுத்தவர் யார், எந்த ஆண்டு, அவர் உரிமையை எழுதிக்கொடுத்த ஆவணம் எங்கே என்று கேளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19. ஆதாரமில்லாமல் மிரட்டினால் அதே சட்டத்தின் பிரிவு 60-இன்படி நீங்களே மாவட்ட நீதிமன்றம் போய்த் தடையாணையும் நஷ்டஈடும் கேட்கலாம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் முறையாக மீறல் வழக்கைத் தொடுத்து நடத்தினால் இந்த வழி அடைபடும். அறைப்படத்தை நீக்கிவிட்டதை மட்டும் தெரிவியுங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாசகம் ஒன்றும் வேண்டாம்.

முடங்கிய பக்கத்துக்குப் பதிப்புரிமை விதிகள் 2013-இல் விதி 75 இருக்கிறது. புகார் கொடுத்தவர் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் பக்கத்தைத் திரும்பத் திறக்கலாம். தேதியைக் குறித்துவைத்து, 22-ஆம் நாள் தளத்துக்கு எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பிரிண்டை ‘ஓவியர் கையெழுத்துடன் கூடிய லிமிடெட் எடிஷன்’ என்று விளம்பரம் செய்திருக்கிறீர்கள். சாக்ரடீஸின் தொடையைப் பற்றியபடி அவருடைய நண்பர் கிரிட்டோ உட்கார்ந்திருக்கும் கல்லில் டேவிட்டின் கையெழுத்து இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது ஓவியத்தின் பகுதி, உங்கள் பிரிண்டில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. எத்தனை பிரதி என்ற வரம்பும் நீங்கள் வைக்கவில்லை. இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். காசு கொடுத்து வாங்கியவர் ஏமாறுகிறார் என்பது அதைவிடப் பெரிது. ‘1787 ஓவியத்தின் கேன்வாஸ் பிரிண்ட், அசல் நியூயார்க்கில்’ என்று போடுங்கள், வாங்குகிறவர்கள் அதற்கும் வாங்குவார்கள்.

அப்புறம், கோப்பை மெட்ரோபாலிடன் தளத்திலிருந்தே புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். பப்ளிக் டொமைன் (பதிப்புரிமை இல்லாதது) என்ற குறிப்போடு அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்கும் ஒவ்வோர் ஓவியத்துக்கும் இப்படி ஒரு ஃபைல் இருக்கட்டும். நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் மட்டும் தாமதிக்காமல், அறிவுசார் சொத்துரிமை வழக்குகள் நடத்தும் வக்கீலை அந்த வாரமே பாருங்கள்.