ஐரோப்பாவின் ஆராய்ச்சிப் பணம்: கணக்குக் கேட்பது யார்?

எனக்கு வழக்கமாக வருவது "விண்ணப்பத்தை எப்படி எழுதுவது?" ரகக் கேள்விகள்தான். இந்த முறை பாதிக்கு மேல் வேறு மாதிரி. இவ்வளவு பணத்தை யார் ஒதுக்குகிறார்கள், செலவானதும் யார் கேட்கிறார்கள் என்று ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டங்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கும் பிடித்த விஷயம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சித் திட்டமான ஹொரைசன் யூரோப்புக்கு மொத்தம் எவ்வளவு ஒதுக்கினார்கள்? ஒவ்வொரு செய்தியிலும் ஒவ்வொரு எண் வருகிறதே. (கோவை வாசகர்)

2021 முதல் 2027 வரை ஏழு ஆண்டுகளுக்கு 9,550 கோடி யூரோ. இது நடப்பு விலைக் கணக்கு. விலைவாசி உயர்வைக் கழித்து 2018 விலைப்படி சொன்னால் சுமார் 8,490 கோடி. இரண்டும் ஒரே பணம். பேரம் நடக்கும்போது எல்லோரும் 2018 விலையில் பேசுவார்கள். முடிந்தபின் பெரிதாகத் தெரியும் எண்ணை அறிவிப்பார்கள். உங்கள் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஐரோப்பிய நாடாளுமன்றம் கேட்டது 12,000 கோடி, 2018 விலையில். 2020 ஜூலையில் நாட்டுத் தலைவர்கள் பிரஸ்ஸல்ஸில் நான்கு இரவு உட்கார்ந்து, கொரோனா மீட்பு நிதியோடு சேர்த்துப் பேசி முடித்தபோது ஆராய்ச்சிக்கு மிஞ்சியது 8,090 கோடி. அப்புறம் நவம்பர் 10 அன்று நடந்த உடன்பாட்டில் நாடாளுமன்றம் கூடுதலாக 400 கோடி வாங்கிக் கொடுத்தது. ஏழாண்டுச் செலவு வரம்பை நாடாளுமன்றம் திருத்த முடியாது. ஒப்புதல் தரலாம், அல்லது மறுக்கலாம். மறுத்துவிடுவோம் என்று மிரட்டித்தான் அந்த 400 கோடி வந்தது.

கேள்வி: ஒதுக்கிய பணத்தை நடுவில் எடுத்துவிட முடியுமா?

முடியும். எடுத்தும் இருக்கிறார்கள், ஒரு முறை அல்ல.

2015-இல் யுங்கர் தலைமையிலான ஐரோப்பிய ஆணையம் (ஒன்றியத்தின் அமைச்சரவை மாதிரி; அமைச்சர்களுக்குப் பதில் ஆணையர்கள்) ஒரு முதலீட்டு நிதி தொடங்கியது. அதற்கான உத்தரவாதத்துக்கு, அப்போது நடந்துகொண்டிருந்த முந்தைய திட்டமான ஹொரைசன் 2020-இலிருந்து 270 கோடி யூரோவை எடுக்கப் பார்த்தது. நாடாளுமன்றம் சண்டை போட்டு 220 கோடியாகக் குறைத்தது. தனி ஆய்வாளர்களுக்கும் முனைவர் பட்ட மாணவர்களுக்கும் பணம் தரும் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம், மேரி கியூரி உதவித்தொகை போன்றவற்றில் கை வைக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் வாங்கியது. இந்தச் சின்ன நிபந்தனைதான் அன்றைக்குப் பல ஆய்வகங்களைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். பெரிய நிறுவனங்கள் கூட்டாகச் செய்யும் திட்டம் ஒரு சுற்றுத் தள்ளிப்போனால் பிழைத்துக்கொள்ளும். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் முனைவர் பட்ட மாணவருக்கு அந்த வசதி கிடையாது.

2024 பிப்ரவரியில் ஏழாண்டு வரவுசெலவை இடைக்காலத்தில் திருத்தியபோது, உக்ரைன் உதவி உள்ளிட்ட செலவுகளுக்கு இடம் பண்ண, ஹொரைசன் யூரோப்பிலிருந்து 210 கோடி வெட்டினார்கள். அதற்கும் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. எல்லாச் சண்டையிலும் ஆராய்ச்சிதான் முதல் இடம் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: ஆண்டுதோறும் நாடாளுமன்றம் கணக்குக்கு "டிஸ்சார்ஜ்" கொடுக்கிறதாமே. வெறும் சடங்குதானே அது? (சேலம் வாசகர்)

பெரும்பாலான ஆண்டுகளில் சடங்கு மாதிரித்தான் இருக்கும். ஆணையம் செலவு செய்கிறது. லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் அதைச் சரிபார்த்து இலையுதிர் காலத்தில் அறிக்கை தருகிறது. (பெயரில்தான் நீதிமன்றம். தீர்ப்பு எதுவும் சொல்லாது. நம் ஊர் சிஏஜி போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.) குளிர்காலம் முழுக்க வரவுசெலவுக் கட்டுப்பாட்டுக் குழு ஆணையர்களைக் கூப்பிட்டு விசாரிக்கும். வசந்தத்தில் முழு அவை வாக்களித்து "கணக்கு முடிந்தது" என்று விடுவிக்கும். அதுதான் டிஸ்சார்ஜ்.

ஆனால் இந்தச் சடங்கு ஒரு முறை ஆணையத்தையே கவிழ்த்தது. அதில் ஆராய்ச்சித் துறைதான் நடுநாயகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1995 முதல் ஆராய்ச்சித் துறை ஆணையராக இருந்தவர் பிரான்சின் முன்னாள் பிரதமர் எடித் கிரெஸோன். தனக்கு நெருக்கமான பல் மருத்துவர் ஒருவரைத் தன் அலுவலகத்தில் ஆலோசகராக வைத்துக்கொள்ள விரும்பினார். அவருக்கு வயது 66; அந்தப் பதவிக்கான வயது வரம்பைத் தாண்டிவிட்டார். அலுவலகத்தில் காலியிடமும் இல்லை. என்ன செய்தார்கள்? ஆராய்ச்சி நிதியிலிருந்து "வருகை விஞ்ஞானி" என்ற பெயரில் ஒப்பந்தம் போட்டார்கள். பல் மருத்துவர் விஞ்ஞானி ஆனார். ஆய்வு என்று காட்ட அவரிடம் இருந்தது சில பக்கக் குறிப்புகள்தான்.

இது தனிக்கதையாகவே முடிந்திருக்கும். 1998 டிசம்பரில் நாடாளுமன்றம் 1996 வரவுசெலவுக் கணக்கை விடுவிக்க மறுத்தது. அதே சமயத்தில் ஆணையத்தின் உள்தணிக்கைப் பிரிவில் இருந்த பால் வான் பியூட்டனென் என்ற நெதர்லாந்து அதிகாரி, உள்ளே நடப்பவை பற்றிய ஆவணங்களை உறுப்பினர்களிடம் கொடுத்தார். அவரைப் பாதிச் சம்பளத்தில் இடைநீக்கம் செய்தார்கள். ஜனவரியில் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது. ஆனால் ஐந்து பேர் கொண்ட சுயேச்சைக் குழு ஒன்று விசாரிக்கட்டும் என்று முடிவானது. அந்தக் குழு 1999 மார்ச் 15 அன்று அறிக்கை கொடுத்தது. அன்று இரவே ஷாக் சான்தேர் தலைமையிலான ஆணையம் முழுவதும் ராஜினாமா செய்தது.

ஒருவருக்காக எல்லோரும் ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். அறிக்கையில் வேறு துறைகளின் குளறுபடிகளும் இருந்தன. அதோடு, தனி ஒரு ஆணையரைப் பதவி நீக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இல்லை. முழு ஆணையத்தையும் அனுப்பலாம், அவ்வளவே. கிரெஸோன் தானாக விலகவும் மறுத்தார். 2006-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பதவிக் கடமையை மீறியதாகத் தீர்ப்பளித்தது, ஆனால் ஓய்வூதியத்தில் கை வைக்கவில்லை. வான் பியூட்டனென் 2004 தேர்தலில் நின்று, ஆவணங்களைக் கொடுத்த அதே நாடாளுமன்றத்துக்கு உறுப்பினராகப் போனார்.

கேள்வி: 2023-இல் ஐரோப்பிய ஒன்றியச் செலவில் 5.6% பிழை என்று படித்தேன். அப்படியானால் அவ்வளவு பணம் கொள்ளை போனதா?

இல்லை. இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரே தெரிந்தும் தெரியாத மாதிரி மேடையில் பேசுகிறார்கள்.

5.6% என்பது "விதிப்படி கொடுத்திருக்கக் கூடாத தொகை" பற்றிய மதிப்பீடு. மாதிரிக்குச் சில நூறு கொடுப்பனவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அடிவரை தோண்டி, அதிலிருந்து மொத்தத்துக்குக் கணிப்பது. 2% வரை பொறுத்துக்கொள்வார்கள். ஆராய்ச்சி அடங்கிய தலைப்பில் அந்த ஆண்டு 3.3%. மோசடி என்று சந்தேகம் வந்தால் அது தனிப் பாதை. மோசடித் தடுப்பு அலுவலகமான ஓலாஃபுக்கும் ஐரோப்பிய அரசு வழக்குத் தொடுநருக்கும் போகும்.

ஆராய்ச்சியில் பிழை எங்கே வருகிறது? பெரும்பாலும் சம்பளக் கணக்கில். என் மேசைக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முதுநிலை ஆய்வாளர் ஆகஸ்ட் 15-க்கு முழு நாள் வேலை என்று வருகைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த ஊரில் அன்று மாதா திருநாள் விடுமுறை, கட்டடமே பூட்டிக் கிடந்தது. அவர் வீட்டிலிருந்து உண்மையிலேயே வேலை பார்த்தார். எனக்குத் தெரியும், அன்று இரவு எனக்கே மின்னஞ்சல் அனுப்பினார். தணிக்கையாளர் புன்னகையோடு அந்த நாளை அடித்துவிட்டார். அந்த ஒரு நாளோடு போயிருந்தால் பரவாயில்லை. "இதே பழக்கம் உங்களுடைய மற்றத் திட்டங்களிலும் இருக்குமே" என்று எல்லாத் திட்டங்களின் தாள்களையும் கேட்டார். இரண்டு வாரம் நான் பழைய தாள்களோடுதான் குடும்பம் நடத்தினேன்.

இதைக் குறைக்கத்தான் மணிக்கணக்கை விட்டு நாள்கணக்குக்கு வந்தார்கள்: ஆண்டுச் சம்பளச் செலவை 215-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. இன்னொரு வழி மொத்தத் தொகை முறை. வேலை முடிந்தால் பேசிய பணம், செலவுச் சீட்டு வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேசிய தொகையே அதிகமாக இருந்தால் பிறகு யாரும் கண்டுபிடிக்க முடியாது. பிழை விகிதம் இறங்கும், செலவு இறங்குமா என்பது வேறு விஷயம். நாடாளுமன்றக் குழு தோண்ட வேண்டிய இடம் இனி இதுதான் என்பேன்.

கேள்வி: எந்த ஆய்வுக்குப் பணம் தரலாம், எதற்குத் தரக் கூடாது என்று உறுப்பினர்கள் சொல்ல முடியுமா? (லைடனில் படிக்கும் மாணவி)

சட்டம் எழுதும்போது முடியும். ஆய்வுக்காகவே மனிதக் கருவை உருவாக்கும் பணிக்குப் பணம் இல்லை, ராணுவம் சாராத பயன்பாட்டுக்கு மட்டும் என்று 2021-இன் ஹொரைசன் யூரோப் சட்டத்தில் எழுதியதெல்லாம் அப்படி வந்தவை. கருவிஷயத்தில் இன்னும் கடுமையான தடை கேட்டு 17 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கையெழுத்திட்ட "நம்மில் ஒருவர்" மக்கள் முன்மொழிவுக்கு 2014 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் பொது விசாரணை நடந்தது. மே மாதம் ஆணையம் சட்டம் கொண்டுவர மறுத்துவிட்டது.

சட்டம் முடிந்தபின் கதை வேறு. எந்தத் தலைப்பில், எவ்வளவு பணத்துக்கு, எப்போது விண்ணப்பம் கேட்பது என்று சொல்லும் ஆவணம் செயல்திட்டம். அதை ஆணையம் எழுதுகிறது, உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் அடங்கிய குழு வாக்களிக்கிறது. நாடாளுமன்றம் அதைப் பார்க்கலாம், "அதிகார வரம்பை மீறிவிட்டீர்கள்" என்று சொல்லலாம். வேறொன்றும் செய்ய முடியாது. பணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வலுவாக இருக்கும் கை, நடுவில் தளர்ந்துவிடுகிறது.

ஐபார்டர்கண்ட்ரோல் இதற்கு நல்ல உதாரணம். எல்லையில் வரும் பயணியின் முகபாவத்தைக் கேமராவில் பார்த்து அவர் பொய் சொல்கிறாரா என்று கணினி முடிவு செய்யும் கருவி. ஹொரைசன் 2020-இலிருந்து சுமார் 45 லட்சம் யூரோ. 2016 முதல் 2019 வரை ஓடியது. இதன் நெறிமுறை அறிக்கைகளைப் பார்க்க வேண்டும் என்று ஜெர்மனியின் பாட்ரிக் பிரெயர் கேட்டார். நிறுவனங்களின் வணிக ரகசியம் என்று மறுத்தார்கள். 2019-இல் வழக்குப் போட்டார், அதே ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். 2021 டிசம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் சில ஆவணங்களுக்கு மட்டும் அவர் பக்கம் நின்றது. மற்றவற்றுக்காகச் செய்த மேல்முறையீடு 2023 செப்டம்பரில் தள்ளுபடியானது. மக்கள் பணத்தில் செய்த கருவியின் நெறிமுறை அறிக்கைக்கு நான்கு ஆண்டு நீதிமன்ற வாசல்.

கேள்வி: எனக்கு பிரெஞ்சுக் குடியுரிமை இல்லை, பாரிஸில் வசிக்கிறேன். நானும் இப்படி ஆவணம் கேட்கலாமா?

தாராளமாக. ஒன்றிய நாட்டில் வசிப்பவர் யாராக இருந்தாலும் ஆணையத்திடம் ஆவணம் கேட்கலாம். 15 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும், அவகாசம் நீட்டிக்கவும் அவர்களுக்கு வழி உண்டு. நாடாளுமன்றத்துக்கு மனுவும் போடலாம். உங்கள் பகுதி உறுப்பினர் எழுத்துக் கேள்வி கேட்டால் ஆறு வாரம், அவசரக் கேள்வி என்றால் மூன்று வாரம் கெடு. தாமதம் சகஜம். எந்தத் திட்டத்தில் யாருக்கு எவ்வளவு போனது என்பது மட்டும் தேவையென்றால் இதெல்லாம் வேண்டாம். ஆணையத்தின் கோர்டிஸ் தரவுத்தளத்தில் தேடினால் இரண்டு நிமிடம்.

கேள்வி: சென்னையில் உள்ள எங்கள் ஆய்வகம் இந்தப் பணத்தை வாங்கினால் நாங்களும் தணிக்கைக்கு உட்பட வேண்டுமா?

வாங்கினால், ஆமாம், அதே விதிகள்தான். ஆனால் இந்திய நிறுவனங்கள் கூட்டணியில் சேரலாமே தவிர, பணம் தானாக வராது. அந்த அழைப்பு வெளிப்படையாக அனுமதித்திருக்க வேண்டும், அல்லது உங்கள் பங்கு திட்டத்துக்கு இன்றியமையாதது என்று பணம் தருபவர்கள் கருத வேண்டும். தனிநபராக மேரி கியூரி உதவித்தொகைக்கோ ஐரோப்பிய ஆராய்ச்சி மன்ற மானியத்துக்கோ போட்டியிட நாட்டுத் தடை இல்லை. அங்கே ஒரு நிறுவனம் உங்களை ஏற்க வேண்டும், கணக்குத் தலைவலி அந்த நிறுவனத்துக்கு.

கேள்வி: 2028-க்குப் பிறகு?

2025 ஜூலை 16 அன்று ஆணையம் வைத்த வரைவில் 2028–2034 காலத்தின் அடுத்த ஹொரைசனுக்கு 17,500 கோடி யூரோ. இத்தாலியின் முன்னாள் பிரதமர் மரியோ திராகி ஐரோப்பாவின் போட்டித்திறன் பற்றிய 2024 அறிக்கையில் கேட்டது 20,000 கோடி, மானுவல் ஹெய்டோர் தலைமையிலான நிபுணர் குழு கேட்டது 22,000 கோடி. பத்திரிகைகள் இந்த எண்களை ஒப்பிட்டு எழுதின. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: ஐரோப்பியப் போட்டித்திறன் நிதி என்ற புதிய நிதி ஒன்றை அதே நாளில் முன்வைத்து, ஹொரைசனின் தொழில் சார்ந்த பகுதியை அதோடு இறுகப் பிணைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் செயல்திட்டத்தை எந்தச் சட்டத்தின் கீழ், யார் எழுதுவது? நாடாளுமன்றத்தின் தொழில், ஆராய்ச்சி, ஆற்றல் குழுவில் வரைவைக் கையாளும் கிறிஸ்டியான் ஏலர் ஆராய்ச்சித் திட்டம் தனித்தே நிற்க வேண்டும் என்பவர். லைடன் மாணவிக்குச் சொன்ன அந்தத் தளர்ந்த நடுப்பகுதியைப் பற்றித்தான் இந்தச் சண்டையும். வரைவைப் படிப்பவர்கள் தொகை இருக்கும் பக்கத்தைத் தாண்டி, இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் பிரிவுகளைப் புரட்டிப் பாருங்கள்.