பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்ளோமா: பணம் கட்டலாமா?

கேள்வி: மஸ்கெலியாவுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் ஏழு ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். பட்டதாரி; பட்டப்பின் கல்வி டிப்ளோமா இன்னும் செய்யவில்லை. என் தங்கை ஒரு தொண்டு நிறுவனத்தில் களப் பணியாளர். இருவரும் எத்தனையோ செயலமர்வுகளுக்குப் போயிருக்கிறோம். சான்றிதழ்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. ஆனால் என் வகுப்பில் ஆறாம் தரப் பிள்ளை ஒருத்தி மூன்று வாரமாக வரவில்லை. தாய் வெளிநாட்டில் வேலை செய்கிறார், தகப்பன் குடிக்கிறார். என்ன செய்வதென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. ஹட்டனில் ஒரு நிறுவனம் 12 ஞாயிற்றுக்கிழமைகளில் உளவளத்துணை டிப்ளோமா தருகிறது. ஒருவருக்கு 48,000 ரூபாய். சேரலாமா?

பதில்: சகோதரி, இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம்.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி டிப்ளோமா என்பது மூன்றாம் மட்டம். அதற்கு 30 திறமைப் புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளிக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்று வைத்திருக்கிறார்கள். ஆக 1,500 மணித்தியாலம். வகுப்பில் இருப்பது, வீட்டில் படிப்பது, ஒப்படை எழுதுவது, களப்பயிற்சி எல்லாம் அதற்குள் அடங்கும். நீங்கள் சொல்லும் பாடநெறியில் காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை வகுப்பு, நடுவே ஒரு மணித்தியாலச் சாப்பாடு என்று வைத்தால், 12 நாளில் 60 மணித்தியாலம் வருகிறது. மிச்சம் 1,440 மணித்தியாலத்தை எங்கே, யாருடைய மேற்பார்வையில் செய்வீர்கள் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். கூடவே மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நிறுவனப் பதிவு வேறு, பாடநெறிக்கான தரச்சான்று வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதைப் பற்றிப் பேசாமல் விட்டால் திரும்பவும் கேளுங்கள்.

பதில் திருப்தியாக இருந்தாலும், என் மனதில் பெரிதாக நிற்கும் கேள்வி வேறு. பயிற்சி முடிந்த பிறகு உங்கள் வேலையைப் பார்த்து, உங்களோடு உட்கார்ந்து பேசப்போகிறவர் யார்?

வளவாளராக நான் பல ஆண்டுகள் இரண்டு நாள் செயலமர்வுகள் நடத்தியிருக்கிறேன். விளையாட்டு, குழு வேலை, படம் வரைதல் என்று அறை நிறைய உற்சாகம் இருக்கும். ஒரு வருடம் கழித்து வேறு வேலையாக ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போனபோது, என் செயலமர்வுக்கு வந்திருந்த ஆசிரியை ஒருவரைச் சந்தித்தேன். பேசாமல் ஒதுங்கியிருக்கும் பிள்ளையை அணுகும் முறை ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். இரண்டாவது வாரமே அவர் முயன்று பார்த்திருக்கிறார். பிள்ளை அழத் தொடங்கிவிட்டதாம். தான் செய்தது சரியா தவறா என்று கேட்க யாருமில்லை. அத்தோடு விட்டுவிட்டார். "பிள்ளையை நான் நோகடித்துவிட்டேனோ என்று இன்னும் நினைக்கிறேன் சேர்" என்றார். பிள்ளை அழுததில் தவறு ஏதுமில்லை. நம்பிக்கை வந்ததால்தான் அழுதிருக்கவும் கூடும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இல்லாததால் நல்ல முயற்சி ஒன்று வீணாயிற்று. அன்றிலிருந்து, திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கு நாள் குறிக்காத எந்தச் செயலமர்வையும் நான் ஏற்பதில்லை.

அமெரிக்காவில் புரூஸ் ஜோய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களிலிருந்து இதையே வலியுறுத்தி வந்தார்கள். கோட்பாட்டைச் சொல்லி, செய்துகாட்டி, அறைக்குள் பயிற்சி கொடுத்தாலும் மிகச் சிலரே அதை வகுப்புக்குக் கொண்டுபோகிறார்கள். வேலை நடக்கும் இடத்திலேயே சக ஆசிரியரின் துணை தொடரும்போதுதான் பெரும்பாலோர் கொண்டுபோகிறார்கள். உங்கள் கோப்பில் இருக்கும் சான்றிதழ்கள் ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கு இதுவே காரணம். உங்கள் திறமையில் குறை தேடாதீர்கள்.

அந்தத் துணையை நீங்களே உருவாக்கலாம். ஆசிரியையும் களப் பணியாளரும் ஒரே வீட்டில் இருப்பது பெரிய வாய்ப்பு. இன்னும் மூன்று நான்கு பேரைச் சேருங்கள்: பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவர், தோட்டத்துப் பிள்ளை மடுவத்தை (குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தை) பார்க்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், முடிந்தால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். மாதம் ஒருமுறை, போயா தினத்தில் கூடுங்கள். அன்று பாடசாலையும் இல்லை, அலுவலகமும் இல்லை. ஒன்றரை மணித்தியாலம், ஒரே ஒரு பிள்ளையின் விடயம். அதைக் கொண்டுவருபவர் மூன்று பந்தி எழுதிவரட்டும்: கண்ணால் கண்டது, செய்தது, தெரியாமல் தடுமாறியது. மற்றவர்கள் முதல் அரை மணித்தியாலம் கேள்வி மட்டும் கேட்கவேண்டும், ஆலோசனை சொல்லக்கூடாது. இது கடினம், நம் ஆட்களுக்கு அறிவுரை உடனே வந்துவிடும். ஆனால் பிள்ளையைச் சரியாகப் பார்க்கத் தொடங்குவது அந்த அரை மணித்தியாலத்தில்தான்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். தோட்டத்தில் பெயரை மறைத்தால் போதாது. எந்த டிவிஷன், எத்தனையாம் லயம் (தொழிலாளர் வரிசை வீடு), தகப்பன் எங்கே வேலை செய்கிறார் என்பதில் ஒன்றைச் சொன்னாலே யாருடைய பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். லயக் காம்பராவில் கூடவேண்டாம். ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவில் கேட்கும். பாடசாலை வகுப்பறையோ வாசிகசாலையோ போதும். எழுதிய தாளை அங்கேயே கிழித்துவிடுங்கள்.

உளவளத்துணையாளராகும் ஆசை உங்களுக்கு ஏன் வந்தது என்று புரிகிறது. ஆனால் ஆசிரியைக்கு முதலில் தேவைப்படுவது அதைவிடச் சிறிய, உறுதியான திறன். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி அதை மூன்று சொல்லில் சொல்கிறது: பார், கேள் (செவிகொடு), இணை (உதவக்கூடியவரோடு). 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்ததை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட வேளையில் அரைகுறைப் பயிற்சியோடு போய், நடந்ததையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது பிள்ளைக்குக் கெடுதலாகவே முடியலாம். பிள்ளை பேசினால் கேட்கவேண்டும், பேசாவிட்டால் தோண்டக்கூடாது. வீட்டுக் கஷ்டத்தால் வாடும் பிள்ளைக்கும் இதே பொருந்தும்.

அந்த 48,000 ரூபாய் இருந்தால் எங்கே போடலாம்? உங்களுக்கு முதலில் பட்டப்பின் கல்வி டிப்ளோமாதான். பதவி உயர்வுக்கும் அது வேண்டும், கற்பித்தல் பயிற்சியும் அதில் உண்டு. இலங்கை திறந்த பல்கலைக்கழகம் தமிழ்மொழியில் நடத்துகிறது. வேலையை விடாமல் படிக்கலாம். தங்கைக்கு தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் சமூகப்பணிப் பாடநெறிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 1952இல் தொடங்கிய சமூகப்பணிப் பயிற்சியின் தொடர்ச்சி அது. அங்கே மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சி பாடத்தின் பகுதி. நான் மேலே கேட்ட கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது. அந்த நிறுவகம் இருக்கும் சீதுவை தூரம்தான், தங்குமிடச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எதில் சேர்ந்தாலும் விரிவுரை மட்டுமல்ல, வாசிப்புப் பொருளும் மதிப்பீடும் தமிழில் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் துயரத்தைப் பற்றிய படிப்பை அரைகுறையாகப் புரிந்த மொழியில் படிக்கக்கூடாது.

இனி, வகுப்புக்கு வராத அந்தப் பிள்ளை. அவள் எந்தப் பாடநெறிக்காகவும் காத்திருக்கக்கூடாது. இலங்கையில் 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். திங்கட்கிழமை காலை வரவுப் பதிவேட்டோடு அதிபரைப் பாருங்கள். வராத நாட்களைத் திகதியோடு எழுதி, பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்குப் பாடசாலையிலிருந்து கடிதம் போகட்டும். அதற்கு முன்பே தங்கையோடு ஒருமுறை வீட்டுக்குப் போங்கள். தகப்பன் குடிக்காத நேரமாக, தேயிலைக் கொழுந்து நிறுவை முடிந்து அத்தையோ பாட்டியோ வீட்டில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். "ஏன் அனுப்பவில்லை" என்று தொடங்காமல், "பிள்ளையைக் காணவில்லை, பார்க்க வந்தோம்" என்று தொடங்குங்கள். அடி, வேறு துன்புறுத்தல், வீட்டுவேலைக்கு வெளியூர் அனுப்பியது போன்ற எதையாவது கண்டால் அங்கே விசாரிக்க வேண்டாம். வெளியே வந்து தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். இலவச இலக்கம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

போகும்போது அவள் தவறவிட்ட மூன்று வாரத்துக் குறிப்புகளை ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள்.